பீத்தோவன் ஓபஸ் 2 எண் 1: கேட்புக் கூட்டத்துல வைக்கலாமுங்களா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல மாசத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை பொழுதோட உட்கார்ந்து கேட்கிற கூட்டத்துக்கு, அடுத்து பீத்தோவனோட முதல் பியானோ சொனாட்டாவை வைக்கலாம்னு ஒரு பேச்சு. எஃப் மைனர் (எஃப் ஆதாரம், இருண்ட சாயல்; மேஜர்னா வெளிச்சமான சாயல்), ஓபஸ் 2 எண் 1 (ஓபஸ்ங்கறது படைப்பு வரிசை எண்). 1796ல வியன்னாவுல அர்த்தாரியா வெளியிட்டது, ஹைடனுக்குக் காணிக்கை. கூட்டத்துல பாதிப்பேர் ஒத்துக்கல. "ஹைடன், மொசார்ட் ரெண்டையும் சேர்த்து அரைச்ச மாவு, பீத்தோவன் இன்னும் அதுல வரல, ஓபஸ் 13 'பத்தேதிக்' சொனாட்டாவை வச்சா எல்லாரும் அசையாம உட்காருவாங்க"ங்கறாங்க.

மொத்தம் இருபது நிமிஷத்துக்குள்ள முடியற படைப்பு. வர்றவங்கள்ல முக்காவாசி கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவங்க, மேற்கத்திய நொட்டேஷன் தெரியாது. அதனால "அருமை", "மேதை"ன்னு சொல்றதுல பிரயோஜனமில்லைங்க. எந்த இடத்துல என்ன நடக்குது, காதுல எதைப் பிடிக்கணும், எங்க சறுக்குதுன்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும். வேண்டாங்கறவங்களும் காரணத்தோட சொல்லுங்க.

சென்னிமலை:

தாராளமா வைங்க. முதல் எட்டு பாரை (பார்ங்கறது இங்க நாலு அடி அளவு) மட்டும் பத்துத் தடவை போட்டுக் காட்டினாலே உங்க கூட்டம் பிடிச்சுக்கும். காரணம், அது நம்ம தனி ஆவர்த்தனத்துல வர்ற குறைப்பு மாதிரியே நடக்குது.

கவனிங்க. பார் 1-2ல ஒரு வாக்கியம்: சி-யில் எடுப்பு, அங்கிருந்து எஃப், ஏ ஃப்ளாட், சி, எஃப்-னு படிப்படியா ஏறி, மேல ஏ ஃப்ளாட்டில் நின்னு, மூணு சுரம் சுழிச்சு இறங்குது. பார் 3-4ல அதே வடிவம், ஆனா டாமினன்ட், அதாவது பஞ்சமம் மேல. ரெண்டும் ரெண்டு ரெண்டு பார். பார் 5ல அந்த வாக்கியத்தோட வால் மட்டும், அந்தச் சுழிப்பு மட்டும், ஒரே பார். பார் 6ல மறுபடியும் ஒரு பார். அதாவது 2, 2, 1, 1. பார் 7ல உச்சிக்குப் போய் ஃபோர்ட்டிஸ்ஸிமோ, ரொம்பப் பலமா. பார் 8ல திடீர்னு சத்தம் குறைஞ்சு இறங்கி, ஃபெர்மாட்டா (நிறுத்தக் குறி) போட்டு அப்படியே நிக்குது.

நம்ம குறைப்பு சுருங்கிச் சுருங்கி, மோரா, கோர்வைன்னு போய் எடுப்புல வந்து விழும். இங்க சுருங்கினது எங்கேயும் விழல. பாதி வாசப்படியில காலை வச்சுட்டு நின்னுடுது. அந்த நிறுத்தத்துல கேட்கிறவங்க மூச்சைப் பிடிச்சாங்கன்னா மீதியை அவங்களே கேட்டுக்குவாங்க.

மொசார்ட் சாயல் இருக்குங்கறது உண்மைதான். ஜி மைனர் சிம்ஃபனி, 1788ல எழுதின கே. 550, அதோட கடைசிப் பகுதியும் இப்படித்தான் உடைஞ்ச கார்டா (சேர்ந்து ஒலிக்கற சுரக்கூட்டை ஒவ்வொண்ணாப் பிரிச்சு) ஏறும். அந்த நாள்ல மான்ஹைம் இசைக்குழுவோட பேரோட சேர்த்துச் சொல்ற ராக்கெட் உத்தி அது, பொதுச்சொத்து. ஏறுறது யாரோடதுங்கறதை விட, ஏறினதுக்கப்புறம் என்ன பண்றாங்கறதைப் பார்க்கணும்.

ரெண்டாவது விஷயம், பார் 20ல ஆரம்பிக்கிற இரண்டாம் கருத்து. முதல் கருத்து ஒட்டாம விட்டு விட்டு, ஸ்டாக்காட்டோவா ஏறிச்சு. இது வழுக்கி வழுக்கி, லெகாட்டோவா இறங்குது. ஒண்ணைக் கவுத்துப் போட்டா இன்னொண்ணு. ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போறதா சொல்லிட்டு, இடது கை ஈ ஃப்ளாட்டையே விடாம பிடிச்சுட்டு இருக்கு. மேல எஃப் ஃப்ளாட்னு ஒரு சுரம் குத்துது. மேஜர்ல வரக்கூடாத சுரம் அது. அதனால வீட்டுக்கு வந்துட்டோம்னு தோணவே தோணாது. ஏ ஃப்ளாட் மேல முழுசா, உறுதியா உட்கார்றது பார் 41லதான். அந்த இடத்துல அவரே "கான் எஸ்ப்ரெஸ்ஸியோனே"ன்னு எழுதியிருக்காரு, உணர்வோட வாசின்னு. எக்ஸ்பொஸிஷன், அதாவது கருத்துகளை அறிமுகப்படுத்துற பாதி, மொத்தமே 48 பார். எட்டே எட்டு பாருக்குத்தான் நிம்மதி குடுத்திருக்காரு.

ஆனைமலை:

முதல் பகுதியைப் பத்திச் சென்னிமலை சொன்னதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா நாலு பகுதி சேர்ந்ததுதான் சொனாட்டா. மீதி மூணையும் பார்த்துட்டுப் பேசணும்.

முதல்ல ஒரு திருத்தம். இது அச்சான முதல் சொனாட்டா இல்லை. 1783லயே மூணு சொனாட்டா அச்சாச்சு, பன்னிரண்டு வயசுல எழுதினது, டபிள்யூ.ஓ.ஓ. (ஓபஸ் எண் இல்லாத படைப்பு) 47ங்கற எண்ணுல வரும். அதுல ரெண்டாவதும் எஃப் மைனர்தான். பேரி கூப்பர் தொகுத்த பதிப்புல 32க்குப் பதிலா 35 சொனாட்டா இருக்கறதுக்குக் காரணம் அந்த மூணு.

இப்ப குறைகள். ரெண்டாம் பகுதியான அடாஜியோ புதுசே இல்லை. 1785ல பான் நகரத்துல, பதினாலு வயசுல எழுதின சி மேஜர் பியானோ குவார்ட்டெட்டோட மெதுவான பகுதியை எடுத்து மெருகு போட்டது. மெட்டு அழகு, மறுக்கல. ஆனா திரும்பத் திரும்ப வர்றப்ப ஒவ்வொரு தடவையும் அலங்காரம் மட்டும் கூடுது, உள்ள எதுவும் நகரல. சங்கதி போட்டா வரி வளரணுமில்லையா? இங்க நகை ஏறுது, அவ்வளவுதான். முதல் பகுதியில ஒரு பாரைக்கூட வீணாக்காதவர் இங்க நிதானமா அலங்காரம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்காரு.

அடுத்தது சுருதி நிலை. நாலு பகுதியும் எஃப்தான்: மைனர், மேஜர், மைனர், மைனர். மூணாம் பகுதியான மினுயெட்டோட (மூணு அடி நடனம்) நடுப்பகுதி, ட்ரியோவும் எஃப் மேஜர். இருபது நிமிஷத்துக்கு ஒரே ஆதார சுருதின்னா கர்நாடகக் காதுக்கு அது குறையாத் தெரியாது. ஆனா இந்த இசையோட நாடகமே ஊர் விட்டு ஊர் போறதுலதான் இருக்கு. இதே ஓபஸ்ல ரெண்டாவது சொனாட்டா ஏ மேஜர், அதோட லார்கோ டி மேஜர். மூணாவது சி மேஜர், அதோட அடாஜியோ ஈ மேஜர், எவ்வளவு தூரம் போயிருக்காருன்னு பாருங்க. அந்த ரெண்டுலயும் மினுயெட்டைத் தள்ளிட்டு, வேகமும் விளையாட்டுமான ஸ்கெர்ட்ஸோ வச்சாச்சு. எண் 1 மட்டும் பழைய நடனத்தையே பிடிச்சுட்டு நிக்குது.

கடைசிப் பகுதி, ப்ரெஸ்டிஸ்ஸிமோ. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடுறாப்ல இடது கை ட்ரிப்லெட் (அடிக்கு மூணு சுரம்) ஓடிட்டே இருக்கு. ஓட்டம் வேகம் குடுக்குது, சரி. நடுவுல ஓட்டத்தை நிறுத்திட்டு, பார் 59ல ஏ ஃப்ளாட் மேஜர்ல ஒரு புது மெட்டைக் கொண்டாந்து சாவகாசமாப் பாடுறாரு. டெவலப்மென்ட் வரவேண்டிய இடம் அது. முன்னாடி சொன்னதை உடைச்சு ஆராயறதுக்குப் பதிலா வேற கதை சொல்றது எனக்கு ஒட்டுப்போட்ட மாதிரித்தான் படுது.

என் யோசனை: எண் 3ஐ வைங்க. முடியாதுன்னா எண் 1ல முதல் பகுதி மட்டும்.

சென்னிமலை:

ஆனைமலை அக்கா சொன்ன கடைசி ரெண்டு குறையையும் ஒண்ணா வச்சுப் பாருங்க, ஒண்ணுக்கு இன்னொண்ணு பதிலாயிடும்.

முதல் பகுதியில ஏ ஃப்ளாட்டைக் காட்டிக் காட்டி ஒளிச்சாரு, எட்டு பார்தான் குடுத்தாரு. டெவலப்மென்ட் ஆரம்பம், பார் 49, அங்கயும் ஏ ஃப்ளாட்லதான் தொடங்குறாரு. கொஞ்ச நேரத்துலயே இரண்டாம் கருத்தை எடுத்து மைனர் சுருதிகளுக்கு இழுத்துட்டுப் போயிடறாரு. பார் 81ல இருந்து சி மேல நின்னு நெருக்கி, பார் 101ல முதல் கருத்து திரும்பி வருது. ஆரம்பத்துல பியானோவா (மெல்லிய சத்தத்துல) வந்தது இப்ப ஃபோர்ட்டே (பலமா). அப்புறம் அடாஜியோ, மினுயெட் ரெண்டும் எஃப்லயே. கடைசிப் பகுதியிலாவது வழக்கமான ஏ ஃப்ளாட் வருமான்னா, எக்ஸ்பொஸிஷன்ல அங்க போகாம சி மைனருக்குப் போறாரு. ஒரு மைனர்ல இருந்து இன்னொரு மைனர். கதவு அங்கயும் சாத்தியாச்சு.

இத்தனைக்கும் பிறகு பார் 59ல ஏ ஃப்ளாட் மேஜர் வருது, "செம்ப்ரே பியானோ எ டோல்சே", எப்பவும் மெல்லிய சத்தத்துல, இனிமையா. கிட்டத்தட்ட ஐம்பது பார். முதல் பகுதியில எட்டு பாரோட பறிச்சதை இங்க முழுசாத் திருப்பித் தர்றாரு. எல்லாப் பகுதியும் எஃப்லயே அடைபட்டு இருந்ததாலதான் இந்த இடம் இப்படித் திறக்குது. அடாஜியோவை டி ஃப்ளாட்லயோ ஏ ஃப்ளாட்லயோ எழுதியிருந்தா இது வீணாப் போயிருக்கும்.

தறி உவமையிலயும் எனக்குச் சம்மதமில்லை. தறி ஒரே அழுத்தத்துல ஓடும். இங்க வலது கை கார்டுகள் பியானோவும் ஃபோர்ட்டேயும் மாறி மாறி விழுது. இடது கையும் கூடவே ஏறி இறங்கணும். வாசிக்கிறவர் அதைச் சமமா அடிச்சாத்தான் தறியாகும். அடாஜியோவைப் பத்திச் சொன்னதை மட்டும் ஒத்துக்கறேன், பாதி.

கூடுதுறை:

பவானியில இருந்து எழுதறனுங்க. மேல நடக்கிற வாதத்துல பாதி, வாசிப்புல வர்ற தப்பால வர்றது. வாசிக்கறவங்களுக்கும் சொல்லி வைக்கறேன், கேட்கறவங்களுக்கும் இது ஒரு உரைகல்லா இருக்கும்.

எடுப்பு. முதல் சி, பாருக்கு முன்னாடி வர்ற நாலாவது அடி. அதை அழுத்தினா கேட்கிற காது அதையே தாளத்தோட முதல் அடியா எடுத்துக்கும், அப்புறம் எட்டு பாரும் ஒரு அடி தள்ளியே கேட்கும், சென்னிமலை அண்ணா சொன்ன குறைப்பும் புரியாது. சி-யை இலேசா விட்டு, அடுத்த எஃப்-ல எடையை வைக்கணும். இடது கை பார் 2ல முதல் அடியை விட்டுட்டு 2, 3, 4ல கார்டு போடுது. அந்த முதல் அடி வெற்றிடம் சுத்தமா இருக்கணும். பெடலைத் தொட்டா போச்சு.

சுழிப்பு. பார் 2ல ஏ ஃப்ளாட் ஒண்ணரை அடி. மூணு சுரம் சேர்ந்து மீதி அரை அடிக்குள்ள. மூணாவது அடியில எஃப். நெம்பப் பேர் ஏ ஃப்ளாட்டைச் சுருக்கிட்டு மூணு சுரத்தையும் முன்னாடியே தள்ளிடறாங்க, கமகம் மாதிரி. அரை அடிக்கு ஒரு தட்டு வர்றாப்ல மெட்ரோனோமை வச்சு, நாலாவது தட்டுல சுழிப்பு ஆரம்பிக்குதான்னு பாருங்க. கால் நோட்டுக்கு (ஒரு அடிக்கு) நிமிஷத்துக்கு 100ல சரியா வந்தாத்தான் வேகம் கூட்டணும்.

பார் 20ல இடது கை ஈ ஃப்ளாட் உடைச்ச ஆக்டேவ் (ஒரே சுரம் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயின்னு மாறி மாறி). சுண்டுவிரலும் கட்டைவிரலும் அடிக்கக்கூடாது. முன்கை கதவுக்குமிழ் திருப்பறாப்ல திரும்பணும். இல்லாட்டி மேல எஃப் ஃப்ளாட்டுக்குப் போடற அழுத்தம் கீழ்க்கைச் சத்தத்துல முங்கிப் போகும். அந்த ஒரு சுரம் கேட்காட்டி இரண்டாம் கருத்துல ஒண்ணுமே இல்லை.

அடாஜியோ சலிக்குதுன்னா முக்காவாசி காரணம், மூணா எண்ணி இழுக்கறது. ஆறா எண்ணுங்க. அலங்காரச் சுரங்கள் வர்ற பார்ல நேரம் குடுக்கத் தோணும், குடுக்காதீங்க. கீழ்க்கை ஒரே நடையில போகட்டும், மேற்கை அதுக்குள்ள அடங்கணும். அப்படி வாசிச்சா அக்கா சொல்ற நகை, உடம்போட ஒட்டிக்கும்.

மினுயெட் சுலபம். ட்ரியோவோட ரெண்டாம் பாதியில மட்டும் சூழ்ச்சி: வலது கை மூணு மூணு சுரக் கார்டா, லெகாட்டோவா ஓடணும். மூணு குரலையும் ஒட்ட வைக்க யாராலயும் ஆகாது. மேல்குரலை 3, 4, 5 விரல்ல ஒட்டி வாசிச்சு, கீழ் ரெண்டையும் இலேசா விட்டு விட்டுத் தொட்டாப் போதும். காது மேல்குரலைத்தான் தொடரும். இந்த ரெண்டு மூணு பாரை வச்சுத்தான் ட்ரியோவோட டெம்போவை முடிவு பண்ணணும். சுலபமான முதல் பாதியை வச்சு முடிவு பண்ணிட்டு இங்க வந்து தடுக்கி விழறவங்க நெம்பப் பேர்.

ப்ரெஸ்டிஸ்ஸிமோ: பாருக்கு 12 சுரம் இடது கையில. அரை நோட்டுக்கு (ரெண்டு அடிக்கு) 100 வச்சா நொடிக்குப் பத்து சுரம். அரை நோட்டு 60ல ஆரம்பிச்சு, மணிக்கட்டு இறுகாம முழுப் பக்கம் வந்தாத்தான் நாலு நாலாக் கூட்டணும். இறுகுறதுக்குக் காரணம் வேகமில்லை. வலது கை ஃபோர்ட்டே போடும்போது இடது கையும் சேர்ந்து கெட்டிப்படறது. ஃபோர்ட்டே கார்டை மட்டும் தனியா, இடது கையைப் பியானோவுல வச்சு ஒரு வாரம் பழகினா ரெண்டும் பிரிஞ்சுடும். பார் 59ல வேகம் குறைக்க ஆசை வரும். குறைச்சா ஒட்டுப்போட்ட மாதிரித்தான் இருக்கும், அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரியாயிடும். துடிப்பு மாறாம, நீளமான சுரங்கள் அதே நடை மேல மிதக்கணும்.

இன்னொண்ணு, வாத்தியம். முதல் பதிப்பு அட்டையில கிளாவிசின் (ஹார்ப்சிகார்ட்) அல்லது பியானோஃபோர்ட்டேன்னு போட்டிருந்தது விற்பனைக்காக; கிளாவிசின்ல விரல் அழுத்தத்தால பியானோ-ஃபோர்ட்டே மாத்தம் செய்ய முடியாது. அவர் மனசுல இருந்தது அஞ்சு ஆக்டேவ் வியன்னா பியானோ. சுத்திக்குத் தோல், சாவி இலேசு, சத்தம் சீக்கிரம் அடங்கும். அதுல இடது கையோட நெருக்கமான கார்டு தெளிவாக் கேட்கும். இன்னைக்கு பியானோவுல அதே கார்டு குழம்பும், இடது கையை மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கணும். நம்ம பக்கத்துல அப்ரைட் வச்சிருக்கறவங்க ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வர்றப்ப ட்யூனிங் பார்க்காம இதை எடுக்காதீங்க. ஈரத்துக்கு சவுண்ட்போர்டு உப்பி, நடு ஸ்தாயி சுருதி ஏறிக்கும். ஆக்டேவ் வாசிக்கிற இடமெல்லாம் பிசிறடிக்கும்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். முதல் பகுதியில ரெண்டு பாதிக்கும் திரும்ப வாசிக்கச் சொல்லி புள்ளிக்கோடு இருக்கு. ரெண்டாம் பாதியைத் திரும்ப வாசிக்கிற பதிவை வைக்கணுமா? எந்தப் பதிவு?

வெள்ளலூர்:

கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் பகுதி 152 பார், பாருக்கு ரெண்டு அரை நோட்டு. அரை நோட்டுக்கு 104ன்னு வச்சா, முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிச்சா 200 பார், சுமார் 3 நிமிஷம் 50 நொடி. ரெண்டையும் திரும்ப வாசிச்சா 304 பார், 5 நிமிஷம் 50 நொடி. வித்தியாசம் ரெண்டே நிமிஷம். புதுசாக் கேட்கிறவங்களுக்கு முதல் பாதி கட்டாயம் ரெண்டு தடவை வரணும், அந்த எட்டு பார் மனசுல பதியறதுக்கு. ரெண்டாம் பாதி மறுக்கா வரணுமாங்கறதுல நான் வேண்டாம் கட்சி. பார் 101ல முதல் கருத்து ஃபோர்ட்டேயா வந்து அடிக்கிறது ஒருக்காத்தான் அடிக்கும். ரெண்டாந்தடவை எதிர்பார்த்துட்டே இருப்போம்.

பதிவுக்கு ரெண்டை ஒட்டி வைங்க. ரொனால்ட் பிரவுட்டிகாம், பழைய வியன்னா பியானோவோட நகல்ல வாசிச்சது. கூடுதுறை சொன்ன இடது கைத் தெளிவு அதுல புரியும். இக்காலப் பியானோவுக்கு இகோர் லெவிட், 2019ல வந்த முழுத்தொகுப்பு. ஆர்தர் ஷ்நாபெல் 1930கள்ல பதிஞ்சதும் இருக்கு, முப்பத்திரண்டையும் முதல்ல பதிவு பண்ணினவர். பழைய ஒலித்தட்டு இரைச்சல் இருக்கறதால கூட்டத்துல போடாதீங்க, வீட்டுக்குச் சொல்லி விடுங்க.

அதைவிட முக்கியம் ஒலிபெருக்கி. ஃபோன்லயோ டிவியிலயோ "வால்யூம் லெவலிங்", "நைட் மோடு" ஏதாவது ஓடுச்சுன்னா அணைச்சுடுங்க. அது மெதுவான இடத்தைத் தூக்கிவிட்டு, பலமான இடத்தை அமுக்கிடும். பார் 7ல இருந்து 8க்கு விழுற பள்ளம், கடைசிப் பகுதியோட மாறி மாறி வர்ற கார்டு, எல்லாம் ஒரே மட்டமாயிடும். அளவை பார் 8ஐ வச்சு நிர்ணயம் பண்ணுங்க: கடைசி வரிசையில அது தெளிவாக் கேட்கணும், மின்விசிறியை அந்த இருபது நிமிஷத்துக்கு நிறுத்திடணும். அப்புறம் அளவைத் தொடவே கூடாது.

ஆனைமலை:

பார் 59ஐப் பத்திச் சென்னிமலை சொன்ன கணக்கை நோட்டோட வச்சுப் பார்த்தேன். கடைசிப் பகுதியோட எக்ஸ்பொஸிஷன் சி மைனர்லயே முடியறதை நான் எடை போட்டிருக்கல. ஒட்டுங்கற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். அடாஜியோ பத்தின கருத்து மாறல.

அதனால நொய்யல்கரை தம்பி, ஒரு காரியம் பண்ணுங்க. அந்த 1785 குவார்ட்டெட், டபிள்யூ.ஓ.ஓ. 36 எண் 3. அதோட அடாஜியோவுல முதல் ஒரு நிமிஷத்தை, சொனாட்டாவோட அடாஜியோவுக்கு முன்னாடி போட்டுக் காட்டுங்க. எது பதினாலு வயசுல எழுதினது, எது இருபத்தஞ்சு வயசுல அச்சானதுன்னு சொல்லாம ரெண்டையும் போட்டு, கூட்டத்தைக் கை தூக்கச் சொல்லுங்க. எத்தனை கை எந்தப் பக்கம் போச்சுன்னு இங்க வந்து எழுதுங்க.